உறைமேல் முகவரி: வீட்டுக் கணினியிலிருந்து போகும் மெயில் யார் பெயரில் போகிறது?

வாசகர் கேள்வி, 3 மார்ச் 2025, இரவு 9.50

அண்ணே, வீட்டில் பழைய டெஸ்க்டாப்பில் டெபியன் லினக்ஸ் போட்டு ராத்திரி பேக்கப் எடுக்க வைத்திருக்கிறேன். முடிந்ததும் எனக்கு ஒரு மெயில் வரவேண்டும். ஸ்கிரிப்டில் ஃபிரம் முகவரியாக என் சொந்த முகவரியைத்தான் கொடுத்திருக்கிறேன். ஆனால் மெயில் வரவே இல்லை. லாக்கில் பார்த்தால் "அனுப்புநர் முகவரி நிராகரிக்கப்பட்டது, அப்படி ஒரு டொமைன் இல்லை" என்கிறது. அதில் காட்டுகிற முகவரி நான் கொடுத்ததே இல்லை: ரூட்@டெபியன்.லோக்கல்டொமைன். நான் கொடுத்தது எங்கே போனது, இது எங்கிருந்து வந்தது?

3 மார்ச் 2025, இரவு 10.40

தம்பி, பள்ளிக்கூடத்துத் தமிழ்த் தேர்வில் கடிதம் எழுதச் சொன்னால் அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள் எல்லாம் எழுதி முடித்துவிட்டு, கடைசியில் ஒரு கட்டம் போட்டு "உறைமேல் முகவரி" என்று எழுதுவோமே, நினைவிருக்கிறதா? தாளுக்குள் ஒரு முகவரி, உறைக்கு மேல் ஒரு முகவரி. மெயிலும் அதே கணக்குதான்.

உங்கள் கணினி மறுமுனை சர்வரைக் கூப்பிட்டதும் முதலில் தன் பெயரைச் சொல்லும். அப்புறம் "இன்னாரிடமிருந்து" என்று ஒரு வரி, "இன்னாருக்கு" என்று ஒரு வரி. இந்த இரண்டும் உறை. இவற்றை மறுமுனை ஒப்புக்கொண்ட பிறகுதான் "டேட்டா" என்று சொல்லிவிட்டுக் கடிதத்தையே அனுப்பத் தொடங்கும். நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய ஃபிரம் வரி அந்த டேட்டாவுக்குள் இருக்கிறது. மறுமுனை உறையைப் பார்த்த உடனேயே கதவைச் சாத்திவிட்டது. உங்கள் ஃபிரம் வரியை அது படிக்கவே இல்லை.

இன்று நேற்று வந்த பிரிவினை இல்லை இது. 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 (ஆர்எஃப்சி என்பது இணைய விதிகளை எழுதிவைக்கும் ஆவண வரிசை) உறையைப் பற்றியது. அதே மாதம் டேவிட் க்ராக்கர் எழுதிய ஆர்எஃப்சி 822 தாளைப் பற்றியது. இரண்டும் தனித்தனி ஆவணங்கள், ஒன்றில் எழுதுவது மற்றதைக் கட்டுப்படுத்தாது.

ரூட் (கணினியின் நிர்வாகிக் கணக்கு) வந்தது, கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் நிரல்) அந்த ஸ்கிரிப்டை ரூட் பெயரில் ஓட்டுவதால். டெபியன் என்பது நிறுவும்போது நீங்கள் மாற்றாமல் விட்ட கணினிப் பெயர். லோக்கல்டொமைன் என்பது, முழுப் பெயர் இல்லாத கணினிக்கு, உங்கள் கணினியில் மெயிலை அனுப்பும் நிரலான போஸ்ட்ஃபிக்ஸ் தானாக ஒட்டுகிற வால்.

3 மார்ச் 2025, இரவு 11.15

உறைமேல் இருக்கிற அனுப்புநர் முகவரிக்கு முதன்மையான வேலை ஒன்றுதான். கடிதம் சேரவில்லை என்றால் திருப்பி அனுப்ப அது வேண்டும். மெயில் போய்ச் சேர்ந்ததும் பெறுகிற சர்வர் அதை எடுத்து "ரிட்டர்ன்-பாத்" என்ற வரியாகத் தலையில் ஒட்டிவிடும். உங்களுக்கு வந்திருக்கும் ஏதாவது ஒரு மெயிலைத் திறந்து மூலத்தைக் காட்டு என்று சொன்னால் மேலேயே தெரியும். வங்கியிலிருந்து வரும் மெயிலைப் பாருங்கள், ஃபிரமும் ரிட்டர்ன்-பாத்தும் வேறு வேறாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஆகவே முதலில் உறையைச் சரி செய்யுங்கள். ஃபிரம் அப்புறம்.

4 மார்ச் 2025, காலை 7.20

இப்போதைக்குச் சுலபமான வழி. சென்ட்மெயில் கட்டளையை ஸ்கிரிப்டில் கூப்பிடுகிறீர்கள் என்றால் மைனஸ் எஃப் போட்டு அதன்பின் உங்கள் முகவரியைக் கொடுங்கள். அது உறையில் போய் உட்காரும். ஃபிரம் வரியை மட்டும் மாற்றும் வழிகள் நிறைய உண்டு. உங்கள் ஸ்கிரிப்ட் அப்படி ஒன்றைத்தான் பிடித்திருக்கிறது.

இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால் போஸ்ட்ஃபிக்ஸைக் கழற்றிவிட்டு எம்எஸ்எம்டிபி என்ற சின்ன நிரலைப் போடுங்கள். ஒரே ஒரு அமைப்புக் கோப்பு: சர்வர் பெயர், போர்ட், பயனர், கடவுச்சொல், "ஃபிரம்" என்று ஒரு வரி. அந்த ஃபிரம் உறைக்கானது. கோப்பில் கடவுச்சொல் இருப்பதால் உங்களைத் தவிர யாரும் படிக்க முடியாதபடி அனுமதியை 600 ஆக்க வேண்டும். வீட்டுக்கு இது போதும்.

(பின்குறிப்பு, 23 மார்ச்: "போதும்" என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கீழே பார்க்கவும்.)

5 மார்ச் 2025, இரவு 9.05

"யார் வழியாகவும் போகாமல் என் கணினியே நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடாதா?" என்று தம்பி கேட்டிருக்கிறார். ஆசை நியாயமானது. எனக்கும் இருந்தது, 2 வாரம் அதற்காகவே உட்கார்ந்தேன்.

சர்வருக்கும் சர்வருக்கும் நடுவே மெயில் போகிற வாசல் போர்ட் 25. வீட்டு இணைப்புகளில் பல நிறுவனங்கள் அதை வெளியே போகவிடாமல் அடைத்து வைத்திருக்கின்றன. வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகள் அந்த வாசல் வழியாகத்தான் குப்பை மெயிலைக் கொட்டிக்கொண்டிருந்தன, அதனால் வந்த பூட்டு. பூட்டு இல்லாத இணைப்பு கிடைத்தாலும் அடுத்த தடை இருக்கிறது. குப்பை மெயிலைக் கண்காணிக்கும் ஸ்பேம்ஹாஸ் அமைப்பு பிபிஎல் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத ஐபி எண்களின் (இணைய இணைப்புக்கான எண்) பட்டியல் அது. வீட்டு இணைப்புகளின் எண்கள் வரிசை வரிசையாக அதில் இருக்கும். உங்கள் மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை, வீட்டு எண் என்பதே காரணம்.

மூன்றாவது, ரவுட்டருக்குள் போய் வெளிப்பக்க எண்ணைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் உங்களுக்கென்று தனி எண்ணே கிடையாது, தெருவுக்கே ஒரு எண்ணைப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் உங்கள் பெயரை எழுதிவைக்க வழியில்லை. பெயர் எழுதாத எண்ணிலிருந்து வரும் மெயிலைப் பெரிய சேவைகள் வாங்குவதில்லை. ஆகவே கணக்கு வைத்திருக்கும் ஒரு சர்வரிடம் கடவுச்சொல் காட்டி ஒப்படைப்பதுதான் வழி. அதற்கான வாசல் போர்ட் 587. 465 பழையது, அதைத் தொடவேண்டாம்.

6 மார்ச் 2025, காலை 6.50

465 பற்றி நேற்று எழுதியது தவறு. அது 1990களின் கடைசியில் ஒதுக்கப்பட்டு, உடனேயே கைவிடப்பட்ட வாசல் என்பது உண்மை. நான் கற்றுக்கொண்ட காலத்தில் அதைத் தொடாதே என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள், அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் 2018 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 8314 அதை மறுபடியும் சேர்த்துக்கொண்டு, அதையே விரும்பத்தக்கது என்றும் சொல்கிறது. 587இல் முதலில் திறந்த பேச்சு, பிறகு "இனி மறைத்துப் பேசுவோம்" என்று மாறுவது. 465இல் தொடக்கத்திலிருந்தே மறைத்த பேச்சு. இரண்டில் எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

9 மார்ச் 2025, மதியம் 3.30

ஜிமெயில் வழியாக அனுப்புகிறவர்களுக்கு. வழக்கமான கடவுச்சொல் செல்லாது. 2022 மே 30 முதல் வெறும் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைவதைத் தனிநபர் கணக்குகளுக்கு நிறுத்திவிட்டார்கள். இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, "ஆப் பாஸ்வேர்ட்" உருவாக்க வேண்டும். 16 எழுத்து, நாலு நாலாகப் பிரித்துக் காட்டும். இடைவெளி இல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முறைதான் காட்டும், போனால் புதிது உருவாக்கிக்கொள்ளலாம்.

அங்கே இன்னொரு சங்கதி. நீங்கள் ஃபிரமில் வேறு எந்த முகவரியைக் கொடுத்தாலும், ஜிமெயில் அமைப்பில் "இந்த முகவரியிலிருந்தும் அனுப்பு" என்று சேர்த்து உறுதிசெய்த முகவரியாக இல்லாவிட்டால், அதை அழித்து உங்கள் ஜிமெயில் முகவரியைப் போட்டுவிடும். அமைப்பை நூறு முறை மாற்றியும் ஃபிரம் மாறவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

9 மார்ச் 2025, மதியம் 3.45

தண்டர்பேர்ட் (கணினியில் மெயில் படிக்க, அனுப்ப உதவும் நிரல்) பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வரி: கணக்கு அமைப்புகள் பக்கத்தில், இடப்பக்கப் பட்டியலின் அடியில் வெளியே போகும் சர்வர் தனியாக இருக்கும். ஒரு கணக்குக்குள் பல அடையாளங்கள் வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனி ஃபிரம், தனி ரிப்ளை-டூ (பதில் போகவேண்டிய முகவரி), தனி வெளிச்சர்வர்.

23 மார்ச் 2025, காலை 8.10

எம்எஸ்எம்டிபி போதும் என்று சொன்னேன் அல்லவா. முந்தாநாள் இரவு எங்கள் பகுதியில் ஒன்றரை மணிநேரம் கரண்ட் இல்லை. கணினி யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது, ஃபைபர் பெட்டிக்கு யுபிஎஸ் இல்லை. 2.30க்குப் பேக்கப் முடிந்தது, எம்எஸ்எம்டிபி சர்வரைக் கூப்பிட்டது, பதில் இல்லை, அவ்வளவுதான். அந்த மெயில் போனது போனதுதான். எம்எஸ்எம்டிபி தபால்காரர் மாதிரி, கையில் கொடுத்த உடனே கொண்டுபோகும், கதவு பூட்டியிருந்தால் காத்திருக்காது. வரிசையில் வைத்திருக்க அதோடு துணை ஸ்கிரிப்ட் உண்டு, ஆனால் அதை நீங்களாக ஏற்பாடு செய்ய வேண்டும்.

போஸ்ட்ஃபிக்ஸ் தபால் ஆபீஸ். வாங்கி வைத்துக்கொள்ளும். முதலில் 5 நிமிடத்தில் மறுபடி முயலும், பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் 4000 நொடி வரை போகும், 5 நாள் வரை விடாது. மின்தடை உள்ள ஊரில் எனக்கு இது முக்கியம். என் கணினியில் போஸ்ட்ஃபிக்ஸ்தான் இருந்தது, தம்பிக்குச் சொல்லும் முன் நானே முயன்று பார்ப்போம் என்று சில வாரம் எம்எஸ்எம்டிபிக்கு மாறியிருந்தேன். திரும்பப் போஸ்ட்ஃபிக்ஸுக்கே வந்துவிட்டேன்.

ஒன்று மட்டும்: 5 நாள் முடியும்வரை "தாமதமாகிறது" என்று அது சொல்லாது. தாமத எச்சரிக்கை அமைப்பு இயல்பாகவே அணைந்திருக்கும். நான் 4 மணிநேரம் என்று வைத்திருக்கிறேன்.

23 மார்ச் 2025, இரவு 10.30

"ஒரு பேக்கப் மெயிலுக்கு இவ்வளவு அக்கறை எதற்கு அண்ணே" என்று கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

எங்கள் ஊரில் கண்மாய்க்கு 7 மடை. ஒவ்வொன்றுக்கும் பெயர், பாயும் வயல், தண்ணீர் திறக்கும் முறை என்று அப்பாவுக்கு எல்லாம் மனப்பாடம். அவரை உட்கார வைத்து 4 முறை பதிவு செய்தேன், ஒவ்வொன்றும் முக்கால் மணிநேரம். முதல் மூன்று 2022 தீபாவளிச் சமயம். நாலாவது 2023 பிப்ரவரி. அதில்தான் அவர் சின்னவயதில் கண்மாய் உடைத்துக்கொண்ட ராத்திரியைச் சொன்னார். மே மாதம் தவறிவிட்டார்.

ஆகஸ்டில் தரவு இருந்த ஹார்ட் டிஸ்க் போனது. பேக்கப் டிஸ்கைச் செருகினால் ஜனவரி 8க்குப் பிறகு எதுவும் இல்லை. பேக்கப் தவறினால் மட்டும் மெயில் வரும்படி வைத்திருந்தேன். மெயில் வராததால் எல்லாம் நலம் என்று இருந்தேன்.

சிஸ்டம் தனி எஸ்எஸ்டியில் இருந்ததால் கணினி ஓடியது. ரூட்டின் உள்ளூர் மெயில்பெட்டியைத் திறந்தேன். 210 கடிதங்கள். ஜனவரி 9 முதல் ஆகஸ்ட் 6 வரை, இரவுக்கு ஒன்று. கணினி ஒவ்வொரு இரவும் "டிஸ்கில் எழுத முடியவில்லை" என்று எனக்கு எழுதியிருக்கிறது. நான் ஒப்படைக்கும் சர்வர் உறையிலிருந்த ரூட்@இன்னது.லோக்கல்டொமைனைப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு டொமைன் இல்லை என்று மறுத்திருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் விதிப்படி அதை உறைமேல் முகவரிக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறது. அந்த முகவரி இந்தக் கணினியின் ரூட்தான். யாரும் திறக்காத பெட்டியில் போய் வரிசையாக விழுந்திருக்கிறது. தேதி வாரியாக ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். எல்லாவற்றிலும் அதே 6 வரி. பிப்ரவரி 19, அவரைப் பதிவு செய்த நாள், அன்றைய கடிதமும் இருந்தது.

மூன்று பதிவு இருக்கிறது. நாலாவது இல்லை.

24 மார்ச் 2025, இரவு 9.40

சரி, போஸ்ட்ஃபிக்ஸில் செய்யவேண்டியது.

ஒன்று, ஒப்படைக்கும் சர்வரை "ரிலேஹோஸ்ட்" வரியில் எழுதுவது. பெயரைச் சதுர அடைப்புக்குள் போட்டு, முக்காற்புள்ளி (:) வைத்து போர்ட் எண். சதுர அடைப்பு இல்லாவிட்டால் அந்த டொமைனின் உள்வரும் மெயில் சர்வரைத் தேடிப் போய்விடும். கடவுச்சொல் தனிக் கோப்பில், அனுமதி 600.

இரண்டு, "ஜெனரிக்" அட்டவணை. எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இது. உள்ளூரில் ரூட் ரூட்டாகவே இருக்கும். கடிதம் எஸ்எம்டிபி (சர்வருக்கு மெயிலை ஒப்படைக்கும் முறை) வழியாக வீட்டு வாசலைத் தாண்டும்போது மட்டும், உறையிலும் தாளிலும் உள்ளூர்ப் பெயரை எடுத்துவிட்டு உங்கள் உண்மையான முகவரியைப் போடும். அட்டவணையில் ஒரே வரி போதும்: இடப்பக்கம் @ குறியோடு உங்கள் கணினியின் முழுப் பெயர், வலப்பக்கம் உங்கள் முகவரி. எந்தப் பயனர் அனுப்பினாலும் பிடித்துவிடும். திருத்திய பிறகு போஸ்ட்மேப் கட்டளை ஓட்டவேண்டும், இல்லாவிட்டால் பழைய அட்டவணையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மூன்று, ஏலியஸ் கோப்பில் (ஒரு பெயருக்கு வரும் மெயிலை வேறு முகவரிக்குத் திருப்பும் கோப்பு) "ரூட்" என்பதற்கு எதிரே உங்கள் முகவரி. அப்புறம் நியூஏலியஸ் கட்டளை.

25 மார்ச் 2025, காலை 7.00

இரவு படுத்த பிறகு தோன்றியது. ஏலியஸ் போட்டுவிட்டால் ரூட்டுக்கு வருவதெல்லாம் வெளியே போகும். வெளியே போகும் வழியே அடைபட்டிருந்தால்? கடவுச்சொல் மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேக்கப் மெயிலும் போகாது, அது திரும்பியது என்று சொல்லும் மெயிலும் போகாது. திரும்பி வரும் மெயிலின் உறையில் அனுப்புநர் இடம் காலியாக இருக்கும், திரும்பியது மறுபடி திரும்பிச் சுழலாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஆகவே அது அத்தோடு செத்துவிடும்.

அதனால் ரூட்டுக்கு எதிரே என் வெளி முகவரியோடு, கமா போட்டு, என் உள்ளூர்ப் பயனர் பெயரையும் சேர்த்திருக்கிறேன். இரண்டு பிரதி. டெர்மினலில் நுழைந்ததும் "உங்களுக்கு மெயில் இருக்கிறது" என்று கணினியே சொல்லும். தவறினால் மட்டும் மெயில் என்ற முறையையும் விட்டுவிட்டேன். முடிந்தாலும் வரும், எத்தனை கோப்பு, எத்தனை ஜிபி என்று பொருள் வரியிலேயே இருக்கும்.

29 மார்ச் 2025, மாலை 5.15

ரிப்ளை-டூ பற்றி. எங்கள் குடியிருப்பில் 64 வீடு. மாதப் பராமரிப்புத் தொகைக்கான மெயில் என் கணினியிலிருந்துதான் போகிறது. ஃபிரம் சங்கத்தின் முகவரி, உறைமேல் என் முகவரி, ரிப்ளை-டூ செயலாளர் முகவரி. "என் வீட்டுத் தண்ணீர்க் கணக்கு தவறு" என்று பதில் போட்டால் நேராக அவருக்குப் போகும்.

போன வருடம் பொதுக்குழுவில் செயலாளர் மாறினார். ஃபிரமில் பெயர் மாற்றினேன், தாளின் அடியில் கையொப்பம் மாற்றினேன். ரிப்ளை-டூவை மறந்தேன். 3 மாதம் எல்லாப் புகாரும் பழைய செயலாளருக்கே போயிருக்கிறது. அவர் மகள் வீட்டுக்கு வெளியூர் போயிருந்தார். புதிய செயலாளர் "நம்ம ஆட்களுக்குக் குறையே இல்லை போல" என்று நிம்மதியாக இருந்தார். இப்போது ரிப்ளை-டூ ஒரு ஆளுக்கு இல்லை, பதவிக்கு: செயலாளர்@ என்ற முகவரி, அது யாருக்குப் போகவேண்டும் என்பதை ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

2 ஏப்ரல் 2025, இரவு 11.00

கேள்வி வந்திருக்கிறது: ஃபிரமில் பெயரைத் தமிழில் வைக்கலாமா? தாராளமாக. நான் வைத்திருக்கிறேன். முதல் மாதம் எல்லோருக்கும் "குடியிருப்போர் ��லச் சங்கம்" என்று போனது. "நலம் மட்டும் காணோமே" என்று கீழ்வீட்டு மாமி கேட்டார்.

ஏன் சரியாக அந்த ந? 2 நாள் தேடினேன். மெயிலின் தலைப்பகுதியில் வெறும் ஆங்கில எழுத்துகள்தான் போகலாம் என்ற பழைய விதிக்காக, 1996இல் ஆர்எஃப்சி 2047 ஒரு சுற்றுவழி தந்தது. தமிழை வேறு எழுத்தாக மாற்றி, முன்னும் பின்னும் குறியீடு போட்டுக் கட்டுவது. ஒரு கட்டு 75 எழுத்தைத் தாண்டக் கூடாது. குறியீடுகளுக்கு 12 போனால், உள்ளே 45 பைட் கொள்ளும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், கு என்பதே க ஒன்று, உகரக் கொம்பு ஒன்று என 6 பைட். "குடியிருப்போர்" 14 குறி, 42 பைட். இடைவெளி 1. ஆக 43. அடுத்த ந 44, 45, 46. என் ஸ்கிரிப்ட் கண்ணை மூடிக்கொண்டு 45இல் வெட்டியது. ந முதல் கட்டில் இரண்டு துண்டு, அடுத்த கட்டில் ஒரு துண்டு.

எழுத்தை நடுவில் வெட்டக்கூடாது என்று அந்த ஆர்எஃப்சியிலேயே இருக்கிறது. பைத்தான் நிரல்மொழியின் இமெயில் தொகுப்பைப் பயன்படுத்தினால் அதுவே சரியான இடத்தில் பிரிக்கும். நானாகக் கட்டியது நான் செய்த தப்பு.

2 ஏப்ரல் 2025, இரவு 11.20

முகவரியையே தமிழில் வைப்பது வேறு விஷயம், அதற்கு 2012இல் தனி நியமம் வந்தது. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று டொமைன் முடிவுகள் இருக்கின்றன. போஸ்ட்ஃபிக்ஸ் 2015இல் வந்த 3.0 முதல் ஆதரிக்கிறது. ஆனால் வழியில் இருக்கும் ஒவ்வொரு சர்வரும் ஆதரிக்க வேண்டும். ஒன்று மறுத்தாலும் கடிதம் திரும்பிவிடும். ஆகவே பெயர் தமிழில், முகவரி ஆங்கில எழுத்தில் என்று நான் நிறுத்திக்கொண்டேன். ஆசை மட்டும் போகவில்லை.

7 ஏப்ரல் 2025, காலை 9.30

எதிர்வீட்டு அக்கா காலையில் பதறிக்கொண்டு வந்தார். ராத்திரியில் 40 மெயில் "சேரவில்லை" என்று திரும்பியிருக்கிறது, அவர் ஒன்றுகூட அனுப்பவில்லை. போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோடே என்பார்கள். இங்கே போகாத மச்சானே திரும்பி வந்திருக்கிறான்.

உறைமேல் யார் வேண்டுமானாலும் யார் முகவரியையும் எழுதலாம், 1982 விதியில் தடுப்பு எதுவும் இல்லை. எவனோ அவர் முகவரியை எழுதிக் குப்பையைக் கொட்டியிருக்கிறான். சேராதவை அவர் வாசலுக்கு வந்தன. திரும்பிய மெயிலுக்குள் மூல மெயிலின் தலைப்பகுதி இருக்கும். "ரிசீவ்ட்" வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் எங்கே புறப்பட்டது என்று தெரியும். அக்காவின் "அனுப்பியவை" பெட்டியும் சுத்தமாக இருந்தது, நுழைவுப் பதிவிலும் புதிய ஆள் இல்லை. ஆகவே கணக்கு பறிபோகவில்லை. காப்பி கொடுத்து அனுப்பினேன்.

7 ஏப்ரல் 2025, இரவு 8.45

இதைத் தடுக்கத்தான் எஸ்பிஎஃப். இந்த டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்று டொமைன் வைத்திருப்பவர் வெளியிடும் ஒரு வரி. ஃபிரம் வரியில் இருக்கும் டொமைனை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

8 ஏப்ரல் 2025, காலை 6.30

தவறு, தவறு. இத்தனை நாளாக உறை வேறு தாள் வேறு என்று சொல்லிவிட்டு நானே குழப்பிவிட்டேன். எஸ்பிஎஃப் பார்ப்பது உறைமேல் இருக்கும் டொமைனை. உறை காலியாக இருந்தால், கணினி தொடக்கத்தில் சொன்ன பெயரை. ஃபிரம் வரியை அது பார்ப்பதே இல்லை. அந்த ஓட்டையை அடைக்க 2012இல் அறிமுகமாகி, 2015இல் ஆர்எஃப்சியாகவும் வந்தது டிமார்க். உறையோ, டிகேஐஎம் கையொப்பமோ (அனுப்பும் டொமைன் மெயிலின் தலைப்பகுதியில் இடும் மின் கையொப்பம்), இரண்டில் ஒன்றாவது ஃபிரமில் இருக்கும் டொமைனோடு ஒத்துப்போக வேண்டும் என்பது அதன் விதி. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் இருந்தாக வேண்டும், ஒரே நாளில் 5000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றுமே வேண்டும்.

சங்கத்துக்கு டொமைன் வாங்கியபோது எஸ்பிஎஃப் வரி ஒன்று இருந்தது. மெயில் சேவையை மாற்றியபோது பழையதை அழிக்காமல் புதியதை இன்னொரு வரியாகச் சேர்த்தேன். இரண்டு இருந்தால் எதுவும் செல்லாது, சோதனையே பிழை என்று முடியும். ஒரே வரிக்குள் இரண்டையும் சேர்த்து எழுதவேண்டும். அந்த மாதம் பாதி வீடுகளுக்கு மெயில் ஸ்பேமில் போய் விழுந்தது.

15 ஏப்ரல் 2025, இரவு 9.10

தம்பியிடமிருந்து புதுச் சிக்கல்: எல்லாம் சரியாக இருந்தது, இன்று திடீரென்று சர்வரின் சான்றிதழ் இன்னும் நடப்புக்கு வரவில்லை என்கிறது. தேதியைப் பார்க்கச் சொன்னேன். கணினி 2009 என்று நினைத்துக்கொண்டிருந்தது. மதர்போர்டில் இருக்கும் வட்டப் பேட்டரி, சிஆர்2032, தீர்ந்திருக்கிறது. பழைய டெஸ்க்டாப்பில் சகஜம். கடைத்தெருவில் கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும், எழுத்து இருக்கும் பக்கம் மேலே. தேதி தவறாக மெயில் போயிருந்தால் இன்பாக்ஸின் அடியில் 2009இல் போய்ப் படுத்திருக்கும், அங்கேயும் தேடுங்கள்.

26 ஏப்ரல் 2025, மாலை 6.40

64 வீட்டுக்கும் அனுப்பும்போது எது திரும்பியது என்று கண்டுபிடிப்பது தொல்லையாக இருந்தது. திரும்பி வரும் மெயிலில் சில சர்வர்கள் மூல முகவரியைச் சொல்லும், சில வேறு முகவரியைச் சொல்லும், பெறுபவர் தன் மெயிலை எங்கேயோ திருப்பிவிட்டிருப்பார். க்யூமெயில் என்ற மெயில் சர்வர் நிரலை எழுதிய டேனியல் பெர்ன்ஸ்டைன் 1997இல் இதற்கு ஒரு வழி சொன்னார்: ஒவ்வொரு பெறுநருக்கும் உறைமேல் வேறு வேறு திரும்பும் முகவரி. இந்த மாதம் அதைச் செய்தேன். சங்கத்தின் முகவரி, கூட்டல் குறி, வீட்டு எண். ஃபிரம் எல்லோருக்கும் ஒன்றுதான், பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. எங்கள் மெயில் சேவை கூட்டல் குறியை ஏற்றுக்கொள்கிறது, உங்களுடையது ஏற்குமா என்று முதலில் ஒன்று அனுப்பிப் பாருங்கள்.

திரும்பியதன் காரணத்தை அந்த மெயிலில் இருக்கும் எண்ணே சொல்லும். 4இல் தொடங்கினால் தற்காலிகம், காத்திருக்கலாம். 5இல் தொடங்கினால் முடிந்தது. 5.1.1 அப்படி ஓர் ஆள் இல்லை. 5.2.2 பெட்டி நிறைந்துவிட்டது.

27 ஏப்ரல் 2025, இரவு 8.20

64இல் 2 திரும்பின. ஒன்று 5.1.1, வாடகைக்கு இருந்தவர் காலி செய்துபோய் நாளாகிறது, பட்டியலில் எடுக்கவில்லை. இன்னொன்று 5.2.2, உறைமேல் பி304.

மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். தனியாக இருக்கும் பெரியவர். மகன் வெளிநாட்டில். "மாசமாச்சு, பையன் மெயிலே போடல. போன்ல கேட்டா போட்டேங்கறான்" என்றார். போனை வாங்கிப் பார்த்தேன். ஒரு கல்யாணத்து வீடியோ முழுசாக ஏறிக்கிடந்தது, இலவச இடம் தீர்ந்திருந்தது. மகனுக்கும் அவை திரும்பித்தான் போயிருக்கும், அவர் எந்த முகவரியை உறைமேல் வைத்திருக்கிறாரோ தெரியவில்லை. வீடியோவை பென்டிரைவில் இறக்கிக் கொடுத்துவிட்டு, குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். அது காலியானால்தான் இடம் கிடைக்கும்.

கீழே வந்து பி304க்கு மட்டும் மறுபடி அனுப்பினேன். 7.52க்குப் போனது. திரும்பவில்லை.